பனி தாங்கிய வில்வம்

லாங்கன்தால்
24.11.2024

அன்புத் தம்பி தம்பித்துரைக்கு,

நானும் அத்தானும் மகள் லக்ஷனாவும் சுகம். நீயும் வதனியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் சிவன் பார்த்துக்கொள்வார். அங்கே மழை தொடங்கிவிட்டதாமே, கூரை ஒழுகாமல் இருக்கிறதா?

கையால் கடிதம் எழுதி எத்தனை வருடம்! உனக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று சொன்னால் நீ அதை வதனி சமைக்கும் குசினியில் வைத்துச் சத்தமாகப் போடுவாய். அரை மணித்தியாலத்தில் இங்கே சுவிஸில் சோலோதுர்னில் இருக்கும் சித்தி மகள் எனக்கே அழைத்து அந்தச் செய்தியைச் சொல்லுவாள். இது அப்படிப் போகக் கூடாத சங்கதி. பதிலையும் வீட்டுக்குப் போடாதே. உறையின் பின்னால் இருப்பது நான் சலவைப் பகுதியில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் முகவரி. அங்கேயே போடு.

தம்பி, கோயில் வில்வம் செத்துப்போயிற்று. நான்தான் சாகவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் நீ தந்த விதையில் முளைத்தது. எங்கள் கோயில் முன்பு தளபாடக் களஞ்சியமாக இருந்த மண்டபம்தான், உனக்குத் தெரியும். தல விருட்சம் இல்லாமல் என்ன சிவன் கோயில் என்று, சில்லுப் பூட்டிய பெரிய தொட்டியில் வில்வத்தை வைத்துக் கும்பிட்டு வந்தோம். கோடையில் வாசலில், குளிர் தொடங்கினால் உள்ளே. அதைத் தள்ளுவது, தண்ணீர் விடுவது எல்லாம் என் பொறுப்பு. இந்த முறை கும்பாபிஷேகத்துக்காக மண்டபத்தில் நிலம் உடைக்கிறார்கள். உள்ளே ஒரே தூசி. ஒரு கிழமை வெளியிலேயே நிற்கட்டும் என்று விட்டேன். அந்தக் கிழமை பார்த்து வேலையில் இரண்டு பேர் காய்ச்சல் வருத்தமென்று வராமல் நிற்க, எனக்கு இரட்டை ஷிஃப்ட். ஐந்து நாள் கோயில் பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் காலை போனால், இரவு விழுந்த உறைபனியில் எல்லா இலையும் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்குகின்றன. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். அடிவரை ஈரமேயில்லை.

மருந்து கேட்கலாம் என்று தோட்டக்கடைக்கு ஓடினேன். அங்கே ஒரு மரம் நின்றது. மூன்று மூன்றாக இலை. முள். எங்கள் வில்வத்தின் அதே உயரம். கடைக்காரி அதைத் தட்டிக்கொடுத்து, "வின்டர்ஹார்ட்" என்றாள். எந்தப் பனியையும் தாங்குமாம். அதற்குப் பிறகு என் கையும் காலும் என் சொல்லைக் கேட்கவில்லை. வேலையாட்கள் இல்லாத சனிக்கிழமை மத்தியானம் அதை வாங்கிவந்து பழைய தொட்டியில் நட்டுவிட்டேன். மீதியிருந்த இலையும் உதிர்கிறது. வில்வமும் உதிரும்தானே என்று சனமே எனக்கு ஆறுதல் சொல்கிறது.

நீ நல்ல விதை நாலு அனுப்பு. நான் வளர்த்து, ஓசைப்படாமல் மாற்றிவிடுவேன்.

உன் அக்கா
சுசீலாதேவி


ஆரையம்பதி
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெள்ளம் படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் கடிதத்தை வதனிக்கும் காட்டவில்லை. மருந்துச்சாலை அலுமாரியில், கடுக்காய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சித்த மருந்துச்சாலையில் இருபது வருடம் மருந்து கலந்தவனுக்கு ஒளிக்க இடமா இல்லை.

அக்கா, ஆறு வயது மரத்தை விதையிலிருந்து ஓசைப்படாமல் மாற்ற வேண்டுமென்றால் ஆறு வருடம் ஓசைப்படாமல் இருக்க வேண்டும். நீங்கள் ஆறு நிமிடம் அப்படி இருந்ததை நான் பார்த்ததில்லை. விதையும் இப்போது கிடையாது. பழம் கனிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

செடி சாவது குற்றமில்லை. குருக்களிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். மிஞ்சினால் ஒரு பரிகாரம் சொல்லுவார். தள்ளிப்போடப் போட அது பெருகும்.

அத்தானின் சீனி எப்படி? சீனி வருத்தம் கூடியதைப் பார்த்து வைத்தியர் முகம் சுளித்தார் என்று போன மாதம் போனில் சொன்னீர்களே.

தம்பி
தம்பித்துரை


லாங்கன்தால்
19.01.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் இந்த வருடம் நல்லதாக அமையட்டும். இங்கே முழங்கால் வரை பனி.

நீ சொன்னது சரி. சொல்லத்தான் போனேன். போன நேரம் சரியில்லை.

மண்டபத்தில் இன்னும் நிலம் காயவில்லை என்று தொட்டியை வெளியிலேயே விட்டிருந்தார்கள். மரத்தின் தலையில் பனி. முள்ளெல்லாம் வெள்ளை. கொப்போ பச்சைப் பசேலென்று இருக்கிறது! கோயில் தலைவர் இராஜசிங்கம் அண்ணை அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கண் கலங்கி, "சுவிஸ் பனியில வில்வம் உயிரோட நிக்குது, இது வேற ஒண்டுமில்லை, அவற்ற திருவிளையாடல்!" என்று கைகூப்பினார். கோயில் பொடியன் துஷாந்தன் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு துன் நகரத்திலிருந்து இரண்டு கார் நிறையச் சனம் வந்தது. ஒரு அக்கா தொட்டியைச் சுற்றி மூன்று முறை வலம் வந்து, கடைசியில் என் காலையும் தொடப் பார்த்தாள். மரத்தை வளர்த்த கையாம். நான் பின்னால் பாய்ந்து பனியில் வழுக்கி விழுந்தேன். அடி பெரிதாக இல்லை.

ஆனி மாதக் கும்பாபிஷேகத்தில் மரத்தை வாசலோரம் நிலத்தில் நட்டு, அதற்கும் கும்பநீர் ஊற்றித் தல விருட்சமாக்கப் போகிறார்களாம். இந்த நிலையில் நான் எந்த வாயால் சொல்வேன்?

வதனியின் இடுப்பு வலி எப்படி?

அக்கா
சுசீலா


ஆரையம்பதி
14.02.2025

அக்காவுக்கு,

சுகம். வதனியின் இடுப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, வலியும் கூடவே.

வில்வத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாத்திய இலையையே கழுவி மறுநாளும் சாத்தலாம் என்று வேறெந்த இலைக்கும் இல்லாத சலுகை கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பறிக்கக் கூடாது என்று அதற்கு ஓய்வுநாள்கூட உண்டு. வேர் தசமூலத்தில், பிஞ்சு வயிற்றோட்டத்துக்கு, பூ தேநீருக்கு என்று எங்கள் மருந்துச்சாலையில் அது இல்லாத நாளில்லை. இவ்வளவு பெயரெடுத்த மரத்தின் இடத்தில் இன்னொன்றை நிறுத்தினால் சனம் கும்பிடுவதோடு நிற்காது. சாப்பிடவும் தொடங்கும். அதுதான் என் பயம்.

அத்தானின் சீனி பற்றி எழுதவில்லையே?

தம்பித்துரை


லாங்கன்தால்
27.04.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

மரம் பூத்துவிட்டது. இலை வரும் முன்னே வெள்ளை வெள்ளையாக, கொப்பு தெரியாமல் பூ. பிறகு இலை. மூன்று மூன்றாக அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

நீ பயந்தது நடக்கிறது. காலையில் வந்து பார்த்தால் தாழ்ந்த கொப்பில் இலை குறைந்திருக்கிறது. பறிப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் பறிக்கிறார்கள் போல. கோயிலுக்கு வருகிற ஒருவர் தினமும் விடிய மூன்று இலை மென்று தண்ணீர் குடிக்கிறாராம், சீனி வருத்தத்துக்கு. வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட்டார் என்றும் கேள்வி.

ஒரு தாளுக்குள் மடித்து மூன்று இலை உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் மருந்துச்சாலை டாக்குத்தர் அம்மாவிடம் காட்டி, இது நஞ்சா என்று மட்டும் கேட்டு எழுது. வேறொன்றும் எழுதத் தேவையில்லை.

இங்கே வெயில் வந்துவிட்டது. பல்கனியில் மிளகாய் போட்டிருக்கிறேன்.

அக்கா
சுசீலா


ஆரையம்பதி
16.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இலை காய்ந்தாலும் முழுதாக வந்தது.

பிரசாந்தினி டாக்குத்தர் அதைக் கையில் வாங்கிக் கசக்கி முகர்ந்ததுமே சிரித்தார். "இது வில்வமில்லை, தோடை இனம்" என்றார். ஆரஞ்சு, தோடம்பழத் தோலின் மணம். காம்பின் இரண்டு பக்கமும் சின்னதாக இறகு வைத்ததுபோல் இருக்கிறது, பாருங்கள். வில்வத்துக்கு அது கிடையாது. அவருக்குத் தெரிந்தவரை நஞ்சில்லை. ஆனால் சீனிக்கு இது கேட்கும் என்று அவர் எங்கும் படித்ததுமில்லை.

கேளாத ஒன்றையும் சொல்கிறேன். அசல் வில்வமாக இருந்தாலும் நாங்கள் யாரையும் ஆஸ்பத்திரிக் குளிசையை விட்டுவிட்டு இதைத் தின்னச் சொல்வதில்லை. அப்படி வருபவரை டாக்குத்தர் ஏசித்தான் அனுப்புவார்.

அக்கா, மார்கழியில் கேட்டேன், பனி முழங்கால் வரை என்று எழுதினீர்கள். மாசியில் கேட்டேன், மிளகாய் போட்டதை எழுதினீர்கள். அத்தானின் சீனி பற்றி ஒரு வரி இல்லை. அந்த "ஒருவர்" யார்?

அத்தான்தான் என்றால் இந்தக் கடிதத்தை முடிக்காதீர்கள். எழும்பிப் போய்ச் சொல்லுங்கள். கோயில் மரியாதை போனால் அடுத்த வருடம் வரும்.

தம்பி


ஆரையம்பதி
06.06.2025

அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததோ தெரியாது. முந்தாநாள் வீட்டுக்கு அழைத்தேன். அத்தான் எடுத்தார். பத்து நிமிடம் கதைத்ததில் மூன்று முறை, "பொறும், தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று போனார். தொலைக்காட்சி மங்கலாகத் தெரிகிறது, புதுக் கண்ணாடி போட வேண்டும் என்றார். இரண்டும் சீனி ஏறியதன் அறிகுறி, அக்கா. உண்மை வாய்வரை வந்தது. உங்கள் வாயால் வர வேண்டியதை நான் சொல்லக் கூடாது என்று விழுங்கினேன்.

இனி விழுங்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு சொல் வராவிட்டால் லக்ஷனாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் உங்களிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஏன் சொன்னேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். கோபமென்றால் கோபப்படுங்கள்.

தம்பித்துரை


லாங்கன்தால்
09.06.2025

என் தம்பிக்கு,

இன்று பெந்தெகொஸ்தே விடுமுறை. அத்தான் முன்னறையில் நித்திரை. குறட்டை கேட்கிறது. இந்தச் சத்தம் இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அது அத்தான்தான். சித்திரை வருடப்பிறப்பன்று தொடங்கினார். "எங்கட கோயில் மரம், நீ வளத்தது, இதைவிட மருந்து வேறென்ன" என்று, கோயில் பக்கமாக வேலைக்குப் போகும்போது பறித்து மென்றுகொண்டு போவார். நான் குளிசையும் போடுகிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் ஜாக்கெட்டைத் தோய்க்க எடுத்தால், உள் பையில் பிரிக்காத குளிசை அட்டை. அன்றுதான் உனக்கு இலை அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் ஒரு நாளில் பதில் வந்திருக்கும். அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் கடிதமாக எழுதினேன். தெரிந்துகொண்டே ஆறு கிழமை என் மனுசனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சலவை இயந்திரங்களுக்கு நடுவில் நின்று வாசித்தேன். "இந்தக் கடிதத்தை முடிக்காதீர்கள்" என்ற இடத்தில் முடிக்காமலே மேலாளரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன். அத்தான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். நிலத்தில் அவருக்கு முன்னால் இருந்து எல்லாம் சொன்னேன். பனி, தோட்டக்கடை, உன் டாக்குத்தர், ஒன்றும் விடவில்லை.

ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில். கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் இவ்வளவு நாளும் தோடை இலையோ திண்டனான்?" என்றார்.

"ஓம்."

"அதுதானே பாத்தன், வாய் மணக்குதெண்டு."

நான் அழ, அவர் சிரிக்க, லக்ஷனா அறையிலிருந்து ஓடிவந்து விரலில் குத்திச் சீனி பார்த்தாள். இருபத்திரண்டு, ஊர்க் கணக்கில் நானூறு. உடனே குடும்ப வைத்தியருக்கு அழைத்து, அன்று மாலையே கொண்டுபோனோம். நல்ல வேளை, ஆஸ்பத்திரியில் மறித்து வைக்கும் அளவுக்கு இல்லை. அத்தானுக்கு ஜெர்மன் மொழியில் விழுந்த ஏச்சு முழுவதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சம் கூட்டியே சொன்னேன். பழைய குளிசையோடு இன்னொன்று, தினமும் ஒரு மணி நேர நடை.

சனிக்கிழமை இரண்டு பேருமாக ஜனார்த்தனக் குருக்களிடம் போனோம். நான் வாயைத் திறக்கவே, "மரத்தைப் பற்றியோ?" என்றார். சித்திரையில் முதல் இலை வந்த அன்றே கிள்ளி முகர்ந்தாராம். அன்று முதல் பூசைக்கு, கொழும்பிலிருந்து பூப்பெட்டியில் வருகிற வில்வத்தைத்தான் கழுவிக் கழுவிச் சாத்துகிறார். ஒரு நாள்கூடப் பூசையில் பிழை வரவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது.

"ஏன் ஐயா அப்பவே கேக்கேல்லை?"

"நான் கேட்டா அது விசாரணை. நீங்களா வந்து சொல்லுவீங்கள் எண்டு இருந்தன். கும்பாபிஷேகத்துக்கு முதல் நானே கூப்பிட்டிருப்பன்."

அப்போது அத்தான் தான் தின்ற கதையைச் சொன்னார். குருக்களின் முகம் மாறிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு நாளும் பொறுத்திருக்க மாட்டன். என்னிலயும் பிழை இருக்கு" என்றார். வாசலில் நின்றே உனக்கு வாட்ஸ்அப்பில் "சொல்லிட்டன்" என்று ஒற்றைச் சொல் அனுப்பினேன்.

நேற்றுப் பூசை முடிய, ஒலிவாங்கியைப் பிடித்து நானே சபையில் சொன்னேன். முன்வரிசையில் கலாவதி அக்கா எழும்பி, "அப்ப என்ர முழங்கால் நோ குறைஞ்சது எதால?" என்று கேட்டா. "நீரும் பறிச்சனீரோ?" என்றார் பக்கத்திலிருந்த அவவின் மனுசன். பிறகு ஒவ்வொருவராக, ஒன்பது பேர் தாங்களும் பறித்ததாக ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் மெல்லக் கையை உயர்த்தியவர் இராஜசிங்கம் அண்ணை. அவருக்கு இரத்த அழுத்தமாம். குளிசையை நிறுத்தியது மட்டும் உன் அத்தான் ஒருவர்தான்.

அக்கா
சுசீலா


ஆரையம்பதி
30.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று உங்கள் "சொல்லிட்டன்" வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்த வதனி, "என்னத்தைச் சொன்னவ?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணீர்தான் வந்தது. உறைப்பு என்று சமாளித்தேன். அன்றைக்கோ மிளகாயே போடாத பால்கறி. பிறகு கடுக்காய்ப் போத்தலுக்குப் பின்னாலிருந்த எல்லாக் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்துவிட்டு, உங்களை இரண்டு நாள் ஏசினாள், மூன்றாம் நாள் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தாள்.

ஆறு கிழமையை நினைத்து உங்களை நீங்களே தின்னாதீர்கள். நானும் போனில் விழுங்கினவன்தான்.

அந்தத் தோடையை என்ன செய்தார்கள்? பிடுங்கி எறிந்துவிட்டார்களா? பாவம், அது ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அத்தானின் சீனி எப்படி?

தம்பி
தம்பித்துரை


லாங்கன்தால்
07.09.2025

அன்புள்ள மச்சான் தம்பித்துரைக்கு,

மகேஸ்வரன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உம்முடைய வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

என்னுடைய சீனியைப் பற்றி இரண்டு நாடுகளில் ஒன்பது மாதமாகக் கடிதம் ஓடியிருக்கிறது. எனக்கு மட்டும் ஒருவரும் எழுதவில்லை. ஆகவே இந்தப் பதிலை நானே எழுதுகிறேன் என்று பேனாவைப் பறித்துக்கொண்டேன். இன்று காலை சாப்பாட்டுக்கு முன் ஆறு தசம் நாலு. மூன்று மாதக் கணக்கும் இறங்கிவிட்டது. முகம் சுளிக்கும் அந்த வைத்தியர் முந்தாநாள் எனக்குக் கைகொடுத்தார். கண்ணும் தெளிந்துவிட்டது.

உமது அக்கா இன்னமும் தன்னால்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முழு உண்மையில்லை. மாசியில் வைத்தியர் என்னிடம், இப்படியே போனால் ஊசிதான் என்றார். எனக்கு ஊசியென்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அளவு பார்க்கப் போகாமலிருக்க ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். மரம் கிடைத்தது. அது அசல் வில்வமாக இருந்திருந்தாலும் நான் குளிசையை நிறுத்தியிருப்பேன், உம்முடைய டாக்குத்தரிடம் ஏச்சும் வாங்கியிருப்பேன். இதை அவளிடம் போன கிழமைதான் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் தட்டில் இரண்டாம் தரம் சோறு போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. குருக்கள் முறையான கடதாசிகளோடு பிரான்சிலிருந்து ஒரு வில்வக் கன்று எடுப்பித்தார். முழங்கால் உயரம்தான். கும்பநீர் அதற்குத்தான் ஊற்றினார்கள். குளிரில் அதைப் பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு. பொறுப்பு உமது அக்காவுக்கே, சபை ஒருமனதாக. "அடிபட்ட ஆள்தான் கவனமாப் பாப்பா" என்றார் இராஜசிங்கம் அண்ணை. தோடையைப் பிடுங்கவில்லை. வாசலில் நிலத்தில் நின்று, அதன் சொந்தப் பெயர்ப் பலகையோடு, மஞ்சள் மஞ்சளாகக் காய்க்கிறது. பறிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். காயைக் கலாவதி அக்கா ஊறுகாய் போட்டுப் பார்த்தா. வாயில் வைக்க முடியாது.

காலையில் அவள் குளிசையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை கைகட்டி நிற்கிறாள். வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். நானும் காட்டுகிறேன்.

வதனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பதில் எழுதும். ஆனால் மச்சான், இனிமேல் அந்த முதியோர் இல்லத்துக்குப் போட வேண்டாம். எங்களுக்கு வீட்டு முகவரி இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
மகேஸ்வரன்